மருந்து அட்டையில் ஒளிந்திருக்கும் உப்பு: உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாகத் தெரிந்து, உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியனுப்பியவர்களுக்காகவும், அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் நிறுத்த வேண்டும் என்று இன்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சமையலில் உப்பைக் கிள்ளிப் போடும் அதே வீட்டில், நெஞ்சு கரிக்கிறது என்று இரவில் தண்ணீரில் நுரைக்கும் பழ உப்புப் பொடியை ஒரு பொட்டலம் கரைத்துக் குடிப்பதும், நீர்க்கடுப்புக்கு ஒரு பாட்டில் சிரப் வாங்கி வைத்துக்கொண்டு நாள் கணக்கில் குடிப்பதும் தடையின்றி நடக்கின்றன. அவற்றை மருந்தாகப் பார்க்கிறோமே தவிர உப்பாகப் பார்ப்பதில்லை. உடலோ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நீலகிரியில் இந்தப் பழக்கம் வலுவாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துக் குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும்; பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குளிருக்காக வெறும் வயிற்றில் மீண்டும் மீண்டும் குடிக்கும் டீ நெஞ்செரிச்சலைத் தூண்டுகிறது. குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிப்பது குறைந்து நீர்க்கடுப்பு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் பஸ்ஸில் வயிறு புரட்டினால், இறங்கியதும் எதையாவது நுரைக்க நுரைக்கக் குடிக்கத் தோன்றுகிறது. இவை எல்லாமே உண்மையான தொந்தரவுகள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொந்தரவைத் தீர்க்க எதை எடுப்பது என்று அட்டையைப் பார்த்து முடிவு செய்வதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில்: உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது, ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம். உப்பில் இரத்த அழுத்தத்தை ஏற்றும் பகுதி இந்தச் சோடியம்தான். இது 5 கிராம் சமையல் உப்புக்குச் சமம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதாவது 1 கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இதயம் அல்லது சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருக்கலாம். ‘உப்பைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், அடுத்த முறை போகும்போது ‘ஒரு நாளைக்கு எவ்வளவு வரை போகலாம்’ என்று எண்ணாகவே கேட்டு, மாத்திரைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லையின் எண் தெரியாமல் அட்டையில் உள்ள எண்ணைப் படித்துப் பயனில்லை.

அடுத்து: நுரைக்கிறதா என்று பாருங்கள்

மருந்துகளில் சோடியம் அதிகமாகச் சேருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். தண்ணீரில் போட்டதும் ‘உஸ்’ என்று பொங்கும் மாத்திரையிலும் பொடியிலும் சோடியம் பைகார்பனேட் என்கிற சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயு வெளியேறுகிறது, அதுதான் நுரை. நுரை அடங்கிய பிறகும் சோடியம் முழுவதும் தம்ளரிலேயே இருக்கிறது. எலுமிச்சைச் சுவையோ ஆரஞ்சுச் சுவையோ சேர்த்திருப்பதால் நாக்குக்கு உப்புக் கரிப்பதில்லை. ஆகவே சுவையை வைத்து அளவைக் கணிக்க வழியே இல்லை.

நுரைத்துக் கரையும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில், தயாரிப்பைப் பொறுத்து, சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பாராசிட்டமாலின் உச்ச அளவான எட்டு மாத்திரைகளை ஒருவர் ஒரே நாளில் எடுத்தால், சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்பே 3,000 மில்லிகிராமைத் தாண்டிவிடுவார். அதே பாராசிட்டமாலை விழுங்கும் மாத்திரையாக எடுத்தால் சோடியம் கணக்கில் சேர்க்க வேண்டிய அளவுக்கு இருப்பதில்லை. காய்ச்சல் குறைவதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது. உருளைக் குப்பியில் வரும் வைட்டமின் சி, கால்சியம் நுரை மாத்திரைகளும் இந்த வகைதான். சத்து மாத்திரை என்ற பெயரில் தினமும் எடுப்பதால் அவற்றைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

நுரைக்காமல் தண்ணீரில் வெறுமனே கலங்கிக் கரையும் மாத்திரைகளும் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரை அப்படிப்பட்டது. அவற்றில் பெரும்பாலும் சோடியம் குறைவு. ஆனாலும் தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த எச்சரிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி குறிப்பிடப்படும் ஆய்வு, 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளிலிருந்து இதைப் பரிசீலித்தது. சோடியம் உள்ள நுரை மற்றும் கரையும் மருந்துகளை எடுத்தவர்களை, அதே மருந்துகளைச் சோடியம் இல்லாத வடிவில் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது, முதல் பிரிவினரிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டதில் அவை அதிகமாகக் காணப்பட்டன. உயர் இரத்த அழுத்தம் பல மடங்கு அதிகமாக இருந்தது. பதிவுகளை ஒப்பிடும் ஆய்வு என்பதால் சோடியம் ஒன்றே காரணம் என்று இது நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. என்றாலும், அதே மருந்து சோடியம் இல்லாத வடிவில் கிடைக்கும்போது நுரைக்கும் வடிவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: சிறிய எழுத்தைப் படியுங்கள்

அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பது விற்பதற்காக. பின்பக்கத்தில் ‘கம்போசிஷன்’ என்றோ, ‘ஈச் டேப்லெட் கண்டெய்ன்ஸ்’, ‘ஈச் 5 எம்.எல். கண்டெய்ன்ஸ்’ என்றோ தொடங்கும் பகுதியைத்தான் படிக்க வேண்டும். நம் நாட்டு அட்டைகளில் ‘சோடியம் இத்தனை மில்லிகிராம்’ என்று தனியாக அச்சிட்டிருப்பதையோ, உப்பைக் குறைப்பவர்களுக்கான எச்சரிக்கையையோ பெரும்பாலும் காண முடியாது. எனவே சோடியம் சேர்ந்த பொருளின் அளவிலிருந்து நாமே கணக்கிட வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கணக்கு கடினமல்ல. சோடியம் பைகார்பனேட்டிலும் சோடியம் சிட்ரேட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சோடியம் என்று வைத்துக்கொள்ளலாம். துல்லியமாகச் சொன்னால் முன்னதில் 27 சதவீதம், பின்னதில் 23 சதவீதம். சோடியம் கார்பனேட்டில் மட்டும் 43 சதவீதம். சமையல் உப்பான சோடியம் குளோரைடில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒரு பழ உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். 5 கிராம் எடையுள்ள அந்தச் சிறு பொட்டலத்தில், 2.3 கிராம் அளவுக்குச் சோடா உப்பும் அரை கிராம் சோடியம் கார்பனேட்டும் இருந்தால், முதலாவதிலிருந்து சுமார் 630, இரண்டாவதிலிருந்து சுமார் 215, ஆக ஏறக்குறைய 850 மில்லிகிராம் சோடியம் ஒரே தம்ளரில் சேர்கிறது. இது இரண்டு கிராமுக்கும் மேற்பட்ட சமையல் உப்புக்குச் சமம். நாள் முழுவதும் குழம்பிலும் பொரியலிலும் பார்த்துப் பார்த்துக் குறைத்தது, படுக்கப் போகும்முன் ஒரே மடக்கில் திரும்பி வந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இப்படிப்பட்ட பொட்டலங்கள் சில ஆயுர்வேத மருந்து என்ற பெயரில் விற்கப்படுவதால், அவற்றில் சோடியம் பைகார்பனேட் என்ற பெயரே இராது, ‘ஸ்வர்ஜிக்ஷாரம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். பெயர் வேறு, பொருள் அதேதான். சிட்ரிக் அமிலம் ‘நிம்புகாம்லம்’ என்று வரும். சூரணங்களில் ‘லவணம்’, ‘சைந்தவம்’, ‘இந்துப்பு’ என்று எதைக் கண்டாலும் அது உப்பு. இந்துப்பு பி.பி.க்கு நல்லது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்.

பொட்டலம் கூட வாங்காமல், சமையலறையில் இருக்கும் ஆப்பச் சோடாவை ஒரு தேக்கரண்டி அள்ளித் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் இதைச் செய்யவே கூடாது. கர்ப்பிணிகளும் நெஞ்செரிச்சலுக்குச் சோடா உப்பை நாடாமல் செவிலியரிடம் கேட்டு வேறு மருந்து வாங்குவதே சரி.

நெஞ்செரிச்சலுக்கான சிரப்புகளில் ‘சோடியம் ஆல்ஜினேட்’ சேர்ந்தவற்றில் 10 மில்லியில் சுமார் 140 மில்லிகிராம் சோடியம் வரும். ஒரு வேளைக்கு 20 மில்லி வீதம் நாளைக்கு நான்கு வேளை என்றால் 1,100-ஐத் தாண்டும். நீர்க்கடுப்புக்கு விற்கும் சிரப்பின் ‘டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட்’ 5 மில்லிக்கு 1.4 கிராம் அளவில் இருந்தால், சோடியம் ஏறக்குறைய 250 மில்லிகிராம் (இந்த வகைச் சிட்ரேட்டில் சோடியம் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு). தேக்கரண்டி அளவு சிறிதாகத் தெரிவதால் இந்த சிரப் ஏமாற்றிவிடுகிறது. இருமல் சிரப்பில் வரும் சோடியம் சிட்ரேட்டோ 5 மில்லிக்கு 57 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். அதில் சோடியம் வெறும் 13. சில நாள் இருமலுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெளிநாட்டு டப்பா கையில் இருந்தால்

மலை ஊர்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. வரும்போது மாத்திரை டப்பாக்களும் வருகின்றன. அவற்றில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அமெரிக்காவில் 1996-இல் வெளியான விதியின் வழியே வந்த நடைமுறைப்படி, மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கி உட்கொள்ளும் மருந்தின் ஒரு வேளை உச்ச அளவில் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் இருந்தால், ஒவ்வொரு மாத்திரையிலும் எவ்வளவு என்பதை அட்டையில் அச்சிட வேண்டும். ஒரு நாளின் உச்ச அளவில் 140 மில்லிகிராமைத் தாண்டினால், சோடியம் குறைத்த உணவுமுறையில் இருப்பவர்கள் பயன்படுத்தும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். அளவை ‘அதர் இன்ஃபர்மேஷன்’ என்ற பகுதியிலும், எச்சரிக்கையை ‘வார்னிங்ஸ்’ பகுதியிலும் தேடுங்கள். ‘லோ சோடியம்’ என்று போட்டிருந்தால் நாள் உச்ச அளவில் 140 மில்லிகிராம் வரை, ‘வெரி லோ சோடியம்’ என்றால் 35 வரை, ‘சோடியம் ஃப்ரீ’ என்றால் 5 வரை என்று பொருள்.

ஐரோப்பிய நாடுகளின் மருந்துகளில் டப்பாவைவிட உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைத்தான் படிக்க வேண்டும். ஒரு வேளையில் 23 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏறக்குறைய சோடியம் இல்லாதது என்று குறிப்பிடுவார்கள். நாள் உச்ச அளவில் 391 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நீண்ட நாள் எடுப்பவர்களும் உப்பைக் குறைப்பவர்களும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேச வேண்டும் என்று இருக்கும். சில தாள்களில் அளவு ‘எம்.மோல்’ என்ற அலகில் இருக்கும். அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்.

நான்காவது: நாள் முழுவதற்கும் கூட்டுங்கள்

ஒரு மாத்திரையின் எண்ணைப் பார்த்து, இது கொஞ்சம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாள் தொடர்ந்து என்பதே முக்கியம். வேறு நோய் எதுவும் இல்லாதவர், கல்யாண விருந்துக்குப் பிறகு எப்போதாவது ஒரு பொட்டலம் கரைத்துக் குடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. பி.பி. மாத்திரை போட்டும் அழுத்தம் குறையவில்லை என்று வருகிறவரிடம், ‘அம்மா, கேஸுக்கு என்ன குடிக்கிறீர்கள்’ என்று கேட்டால், பல நேரங்களில் தினம் ஒரு பொட்டலம் என்ற பதில் வருகிறது. தினமும் தேவைப்படும் நெஞ்செரிச்சலுக்குக் கரைசல் தீர்வே அல்ல, அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு நெஞ்சு கரிப்பு என்று தோன்றுவது இதய வலியாகவும் இருக்கலாம்.

பெயரில் ‘சோடியம்’ இருந்தால் பயப்பட வேண்டுமா

வேண்டாம், அட்டை படிக்கத் தொடங்கிய புதிதில் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தைராய்டுக்குத் தரும் தைராக்சின் சோடியம் மாத்திரையின் அளவே மைக்ரோகிராமில்தான் இருக்கிறது; அதில் உள்ள சோடியம் ஒரு பொருட்டே அல்ல. வயிற்று அமிலத்தைக் குறைக்கத் தரும் 40 மில்லிகிராம் பேன்டோபிரசோல் சோடியத்திலும் அப்படியே. வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் 500 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 69 மில்லிகிராம் இருக்கிறது. அது கணக்கில் வர வேண்டியதுதான், ஆனால் அதை நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையையும் அட்டையைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

டைக்ளோஃபினாக் சோடியம் இதற்கு நேர்மாறான பாடம். 50 மில்லிகிராம் மாத்திரையில் சோடியம் 4 மில்லிகிராம் கூட இல்லை. ஆனால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றுவதைக் குறைத்துவிடுகின்றன. அதனால் அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது. நாள் முழுவதும் கொழுந்து பறித்து முதுகும் தோளும் கடுக்கிறவர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது எனக்கு நுரை மாத்திரையைவிடப் பெரிய கவலை. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. சளி மாத்திரையில் ‘ஃபினைலெஃப்ரின்’ இருந்தால் அதுவும் பி.பி. உள்ளவர்கள் கேட்டுவிட்டே எடுக்க வேண்டிய ஒன்று.

வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 1,725 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பவருக்குக் கரைசலை மறுத்துவிடாதீர்கள். இழந்த உப்பைத் திருப்பிக் கொடுப்பதே அதன் வேலை. இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கலாம் என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள். களைப்புக்காகவோ சுவைக்காகவோ அதைக் குடிப்பது தவறு.

ஐந்தாவது: கடையில் மாற்று கேளுங்கள்

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் விழுங்கும் பாராசிட்டமால் போதும். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த வகைகளில் பொதுவாகச் சோடியம் குறைவு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவற்றின் வேலையைக் கெடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ‘லோ சோடியம் சால்ட்’ என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் பாதித்தவர்களும், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பி.பி., இதய மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைத்தாலும், போடுகிற கொஞ்சத்தை அயோடின் கலந்த உப்பாகவே போடுங்கள்.

உடலைக் கவனியுங்கள்

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உடலில் உப்பும் நீரும் தேங்கும்போது தெரியும் அடையாளங்களை இங்கே ஊரின் மேலும் குளிரின் மேலும் போட்டுவிடுகிறோம். மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்கிறோம். போன மாதம் நிற்காமல் ஏறிய அதே படிக்கட்டில் இந்த மாதம் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கால் வீக்கத்தைக் கம்பளிச் சாக்ஸ் மறைத்துவிடுகிறது. இரவில் சாக்ஸைக் கழற்றியதும் கணுக்காலுக்கு மேலே அதன் விளிம்பு ஆழமான தடமாகப் பதிந்திருந்தால், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது காலில் தேங்கிய நீர். எடை பார்க்கும் கருவி இருந்தால் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஸ்வெட்டர் இல்லாமல் நின்று பார்த்து எழுதுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, கேஸ் என்று எதையும் கரைத்துக் குடிக்காமல் 108-ஐ அழையுங்கள். பாதை வளைந்து வளைந்து வருவதால் வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும், ஆகவே தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம், அரசு மாத்திரைகளோடு நீங்களாக வாங்கிச் சாப்பிடும் பொட்டலம், சூரணம், சிரப் எல்லாவற்றின் காலி உறைகளையும் ஒரு பையில் போட்டுக் காட்டுங்கள். மருத்துவரிடம் போகும்போதும் அந்தப் பையையே கொண்டு போங்கள். பெயர் மறந்துவிடும், உறையில் எல்லாம் எழுதியிருக்கும்.

நம் ஊர்களில் மருந்து தேவைப்படுபவரே கடைக்குப் போவதில்லை. டவுனுக்குப் போகிறவரிடம் காசைக் கொடுத்து ‘கேஸுக்கு ஏதாவது’, ‘உடம்பு வலிக்கு ஏதாவது’ என்று சொல்லி விடுகிறோம். வாங்குகிறவருக்கு உங்கள் நோய் தெரியாது. கடைக்காரருக்கு உங்களையே தெரியாது. ஆகவே வாய்ச் சொல்லாக விடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: யாருக்கு, என்ன வயது; பி.பி., இதயம், சிறுநீரகம் இவற்றில் என்ன இருக்கிறது. தினமும் எந்த மாத்திரை எடுக்கிறார். கீழே, ‘தண்ணீரில் நுரைக்கும் மாத்திரையும் சோடா உப்புப் பொடியும் வேண்டாம்’. அந்தச் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை வேறு யார் போனாலும் அதையே அனுப்பிவிடலாம்.